அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடம்: முகப்பைப் பிரிப்பதா, விடுவதா?

மேல்மாடி:
வணக்கம். இலினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வேலை பார்க்கிறேன். மெயின் ஸ்ட்ரீட்டில் கீழே கடை, மேலே அறைகள் என்று இருக்கும் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். தெருப்பக்கம் மாடி முழுவதையும் அலுமினியத் தகடுகள் மூடியிருக்கின்றன. ஒரு சன்னல்கூட வெளியே தெரியாது. கீழே கடை முகப்பில், காட்சிச் சன்னலுக்கு அடியிலும் மேலே பெயர்ப்பலகைப் பட்டையிலும் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் பலமுறை பெயின்ட் அடித்த இரும்புத் தூண்கள். சந்துப்பக்கச் சுவர் மட்டும் மூடப்படாத செங்கல். அதில் நட்சத்திர வடிவில் இரும்புத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன.

கட்டடத்தின் உரிமையாளர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு “பழைய நிலைக்கே” கொண்டுவர வேண்டும் என்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார், செலவு செய்யவும் தயார். ஆனால் எந்தப் பழைய நிலை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த மாதிரிக் கட்டடத்தின் வயதையும் கதையையும் எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்சூளை:
முதலில் சந்துப்பக்கச் சுவரைப் பாருங்கள். தெருமுகப்புக்கு அச்சில் அழுத்திச் செய்த நல்ல செங்கல் வைத்து மெல்லிய இணைப்போடு கட்டியிருப்பார்கள். பக்கச்சுவருக்கு விலை குறைந்த மென்மையான செங்கல்தான். யாரும் அழகுபடுத்தாத சுவர் என்பதால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஐந்தாறு வரி செங்கல் நீளவாட்டில் போய், அடுத்த வரியில் செங்கலின் தலைப்பக்கம் மட்டும் தெரிகிறதா? அப்படியென்றால் சுவர் பல அடுக்குச் செங்கலால் ஆனது, அந்தத் தலைவரிதான் அடுக்குகளைப் பிணைக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கடைக்கட்டடங்களில் இது மிகச் சாதாரணம்.

நட்சத்திரத் தகடுகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. உள்ளே தள உத்திரங்களோடு இணைத்த இரும்புக் கம்பியின் வெளிமுனை அது. சுவர் வெளியே சாயாமல் பிடித்து வைக்கிறது. அவற்றைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

கட்டடத்தின் அகலத்தையும் அளந்து பாருங்கள். 20 முதல் 25 அடிக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் தூண் இல்லாமல் மர உத்திரம் சுவருக்குச் சுவர் எட்டும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மனைகளையும் அந்தக் கணக்குக்கு ஒத்துத்தான் வெட்டினார்கள். அதனால்தான் முகம் குறுகி, உடல் பின்னால் நீண்டுகொண்டே போகிறது.

அடித்தளத்துக்குள் போக முடிந்தால் உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள். நுனியைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். தீப்பிடித்து உத்திரம் நடுவில் முறிந்தால், சுவரை நெம்பித் தள்ளாமல் தானே கழன்று விழட்டும் என்பதற்காகச் செய்த வெட்டு. தளம் போனாலும் சுவர் நிற்கும். கட்டியவர்களுக்கு நெருப்பைப் பற்றி எவ்வளவு பயம் இருந்தது என்பது இந்த ஒரு வெட்டிலேயே தெரியும்.

வரைபடப்பிரியன்:
வயதைக் கண்டுபிடிக்க சான்போர்ன் வரைபடங்கள் இருக்கும்போது வேறு வழி தேட வேண்டியதில்லை. 1867இல் தொடங்கிய நிறுவனம். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக அமெரிக்காவின் சுமார் 12,000 ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்து வைத்தது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவு. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், கல் நீலம். எத்தனை மாடி, சுவர் எத்தனை அங்குலம், கூரை எது, எங்கே அடுப்பு இருக்கிறது என்பது வரை குறித்திருப்பார்கள். கடை என்றால் எஸ், குடியிருப்பு என்றால் டி.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்து வரைவார்கள். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மஞ்சள் எப்போது இளஞ்சிவப்பானது என்று தெரிந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊரும் இருக்கலாம். 

ஒரு எச்சரிக்கை. உச்சியில் ஆண்டு பொறித்த கல் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய சுவருக்குப் புதிய முகம் வைத்த ஆண்டாகவும் அது இருக்கலாம்.

தெற்குவாசல்:
அந்த இரும்புத் தூண்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் செய்தவர் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஊர், காப்புரிமை ஆண்டு எல்லாம் வார்த்த தகடு முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும்.

வார்ப்பிரும்பு முகப்பு என்பது நியூயார்க்கில் ஜேம்ஸ் போகார்டஸ், டேனியல் பேட்ஜர் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வளர்த்தெடுத்த தொழில். கனமான செங்கல் தூண் இருந்த இடத்தில் மெல்லிய இரும்புத் தூண் வந்தது. கடையின் முகம் முழுக்கக் கண்ணாடியாக மாற முடிந்ததற்குக் காரணம் அதுதான். பெரிய கண்ணாடிப் பலகை அமெரிக்காவிலேயே தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் 1880களில்தான். பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனம் 1883இல் பிறந்தது.

ஆனால் சிற்றூர்களுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மெஸ்கர் குடும்பத்தார். பெர்னார்ட், ஃபிராங்க் என்ற இரண்டு பேர் செயின்ட் லூயிஸில் மெஸ்கர் பிரதர்ஸ் என்ற பெயரிலும், இன்னொரு சகோதரர் ஜார்ஜ் இண்டியானா மாநிலத்து எவான்ஸ்வில்லில் தன் பெயரிலும் தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் சன்னல் மேல்வளைவு, சுவர்த்தூண், சுவர் உச்சியில் வெளியே நீளும் கொடுங்கை எல்லாவற்றையும் அச்சில் அழுத்தி எடுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லில் செதுக்கியது போலவே தெரியும். கடைக்காரர் தபாலில் வந்த பட்டியல் புத்தகத்தைப் புரட்டி, தன் கட்டடத்தின் அகலத்தை எழுதி அனுப்பினால் போதும். மொத்த முகப்பும் ரயிலில் வந்து இறங்கும். உள்ளூர்த் தச்சரே மாட்டிவிடுவார்.

இந்த முகப்புகள் ஆயிரக்கணக்கில் போயின. கட்டடக் கலைஞரைப் பார்த்தே இராத ஊர்களுக்கும் இத்தாலிய பாணிக் கொடுங்கை போய்ச் சேர்ந்தது இப்படித்தான். எனக்கு இதில் உண்மையான மதிப்பு உண்டு. பட்டியலில் வாங்கியது என்று சிலர் இளக்காரமாகப் பேசும்போது வருத்தமாக இருக்கும்.

மேல்மாடி:
அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். அகலம் 22 அடி. அடித்தளத்தில் உத்திர நுனிகள் சாய்வாகவே வெட்டியிருக்கின்றன. இடப்பக்கத் தூணின் அடியில் ஏழெட்டுப் பூச்சுப் பெயின்ட் கிளம்பியது, பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை. அதன் கீழே எழுத்துகள் தெளிவாக வந்தன: ஜார்ஜ் எல். மெஸ்கர், எவான்ஸ்வில், இண்டியானா. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சான்போர்ன் வரைபடத்தில் 1880களின் தாளில் எங்கள் மனையில் இரண்டு சிறிய மஞ்சள் கடைகள். 1890களின் தாளில் ஒரே இளஞ்சிவப்புப் பெட்டி, இரண்டு தளம். மேல்தளத்தில் “ஹால்” என்று எழுதியிருக்கிறது.

கல்தச்சன்:
அப்புறம் என்ன யோசனை? 1890களின் கட்டடம் என்று தெரிந்துவிட்டது. அலுமினியம், கறுப்புக் கண்ணாடி இரண்டையும் எடுத்துவிட்டு அந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதுதானே. பின்னால் வந்தவர்கள் ஒட்டியதெல்லாம் ஒட்டுதான்.

அரசி:
கறுப்புக் கண்ணாடியை அலுமினியத்தோடு சேர்த்து ஒரே தட்டில் வைக்காதீர்கள், கல்தச்சன். அதற்குத் தனி வரலாறு இருக்கிறது.

பொருளாதாரப் பெருமந்தத்தில் கடைத்தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 1934இல் வந்த தேசிய வீட்டுவசதிச் சட்டம் வீடுகளுக்கு மட்டுமல்ல, கடைகளைப் புதுப்பிக்கவும் அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைக்க வழி செய்தது. 1935இல் லிபி ஓவன்ஸ் ஃபோர்ட் என்ற கண்ணாடி நிறுவனம் “மெயின் ஸ்ட்ரீட்டை நவீனமாக்குவோம்” என்று ஒரு வடிவமைப்புப் போட்டியே நடத்தியது. மளிகைக்கடை, மருந்துக்கடை, துணிக்கடை, கார் விற்பனை நிலையம் என்று நான்கு வகைக் கடைகளுக்கு நாடெங்கும் இருந்து வரைபடங்கள் வந்தன. அந்த ஆண்டே, இந்த மாதிரி வண்ணக் கண்ணாடிப் பலகை செய்த விட்ரோலைட் நிறுவனத்தை அவர்கள் வாங்கினார்கள். பிட்ஸ்பர்க்காரர்கள் விற்ற இதே மாதிரியான கண்ணாடிக்குக் காரரா என்று பெயர். உங்கள் கட்டடத்தில் இருப்பது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். வியாபாரமே இல்லாத காலத்தில் ஒரு சிற்றூர்க் கடைக்காரர் கடன் வாங்கி, நகரத்துக் கடைக்கு நிகராகத் தன் கடை பளபளக்க வேண்டும் என்று இதைப் பதித்திருக்கிறார். 1890களில் மெஸ்கர் பட்டியலைப் புரட்டியவர் செய்ததும் அதேதான். அவர் ஆசை வரலாறு, இவர் ஆசை ஒட்டு என்று எப்படிப் பிரிப்பது? இந்த வகைக் கண்ணாடியை இப்போது அமெரிக்காவில் யாரும் தயாரிப்பதில்லை. உடைத்தால் போனதுதான்.

தெற்குவாசல்:
அரசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகைப் பட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. காட்சிச் சன்னலுக்கு மேலே அந்த உயரத்தில் பெரும்பாலும் முப்பட்டகக் கண்ணாடி இருக்கும். நான்கு அங்குலச் சதுரச் சில்லுகள், வெளிப்பக்கம் வழவழப்பாகவும் உள்பக்கம் வரிவரியாகவும் இருக்கும். அந்த வரிகள் மேலிருந்து வரும் வெளிச்சத்தை மடக்கிக் கடையின் பின்கோடி வரை அனுப்பும். சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1897 முதல் இதைப் பெரிய அளவில் விற்றது. இளம் வயதில் ஃபிராங்க் லாயிட் ரைட் அவர்களுக்குச் சில்லு வடிவங்கள் வரைந்து கொடுத்திருக்கிறார்.

இந்த மாதிரிக் கடைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஆழமோ நூறடிக்குப் பக்கம். மின்விளக்கு மலிவாகும்வரை கடையின் பின்பாதி இருட்டுதான். முப்பட்டகம் அந்த இருட்டுக்குக் கண்டுபிடித்த விடை. பழைய சில்லுகள் பல இன்று இளம் ஊதாவாகத் தெரியும். கண்ணாடியின் பச்சைநிறம் போகச் சேர்த்த மாங்கனீசு, பல ஆண்டு வெயிலில் அப்படி மாறுகிறது. அதைக் கறுப்புப் பலகைக்குப் பின்னால் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்தச்சன்:
ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இவ்வளவும் பட்டியலில் வாங்கி மாட்டிய சரக்கு. இதற்கு இத்தனை மரியாதை தேவையா? சிற்றூர்க் கடைக்கட்டடத்தில் கட்டடக்கலை என்று சொல்ல எதாவது இருக்கிறதா?

அரசி:
இருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் ஓவடானா என்று ஒரு பால்பண்ணை ஊர். அங்கே உழவர் வங்கியை நடத்திய குடும்பத்தின் கார்ல் பென்னட், சிகாகோவிலிருந்து லூயி சல்லிவனை வரவழைத்தார். வானளாவிகளின் முன்னோடி என்று பெயர் வாங்கிய சல்லிவனுக்கு அப்போது வேலையே வராத காலம். 1908இல் கட்டி முடித்தார். 68 அடிக்கு 68 அடி செங்கல் பெட்டி. தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் 36 அடி அகலத்துக்கு ஒரே வளைவு, அதற்குள் பச்சைச் சாயல் கொண்ட வண்ணக் கண்ணாடி. உள்ளே தொங்கும் நான்கு விளக்குகளில் ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். அலங்கார வேலையில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியுடையது. சுவர் ஓவியங்களில் பசுமாடும் அறுவடையும். வங்கியை ஒட்டிக் கடைகளும் அலுவலக அறைகளும் கொண்ட ஒரு பகுதியும் உண்டு. அதுவும் அதே கவனத்தோடு கட்டப்பட்டது.

வங்கி 1926இல் நொடித்துப்போனது. 1940இல் யாரோ உள்ளே நவீனப்படுத்துகிறோம் என்று காசாளர் கூண்டுகளை உடைத்தார்கள். 1950களில் மறுபடி சீர்செய்தார்கள். 1981இல் அஞ்சல்தலையில் வந்தது. சல்லிவன் கடைசிக் காலத்தில் இதுபோல எட்டு சிறிய வங்கிக் கட்டடங்களை நடுமேற்கின் சிற்றூர்களில் கட்டினார். அயோவாவில் கிரின்னெல், ஒஹாயோவில் சிட்னி, விஸ்கான்சினில் கொலம்பஸ் எல்லாம் அந்த வரிசைதான்.

ஆனால் ஓவடானாவை வைத்து மெஸ்கர் முகப்பைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். தெருவை உண்டாக்கியது சாதாரணக் கட்டடங்கள்தான். ஒரே உயரத்தில் கொடுங்கை ஓடுவதும், ஒரே தாளத்தில் வாசலும் சன்னலும் வருவதும் இல்லையென்றால் அந்த மூலை வங்கிக்கு நிற்க ஓர் இடமே இருந்திருக்காது.

மேல்மாடி:
ஹால் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் அலுவலகத் தடுப்புச் சுவர்கள் எல்லாம் பிறகு வந்தவை போல. தொங்கும் உட்கூரைப் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், அதற்கு மேலே மூன்றடி உயரத்தில் அச்சடித்த தகரக் கூரை, ஒரே பரப்பாக ஓடுகிறது. ஒரு கதவில் கண் உயரத்தில் சின்ன மூடியோடு துளை இருக்கிறது.

வரைபடப்பிரியன்:
துளை உள்ள கதவு என்றால் சங்க மண்டபமாக இருக்க வேண்டும். மேசன்கள், ஆட் ஃபெல்லோஸ் போன்ற சகோதர சங்கங்கள் மேல்தளத்தில்தான் கூடும். உறுப்பினரா என்று பார்த்து உள்ளே விடுவதற்கான துளை அது. கீழ்த்தள வாடகை கடைக்காரரிடம், மேல்தள வாடகை சங்கத்திடம் என்ற கணக்கை நம்பியே பல கட்டடங்கள் எழுந்தன. சங்கமே மனையை வாங்கிக் கட்டியதும் உண்டு. சங்கம் இல்லாத ஊரில் வக்கீல், பல் மருத்துவர், தொலைபேசி நிலையம். அடுத்த பதிப்புத் தாளில் சங்கத்தின் பெயரே எழுதியிருக்கலாம், பாருங்கள்.

செங்கல்சூளை:
சரி, இப்போது செய்யவேண்டிய வேலைக்கு வருகிறேன்.

அலுமினியத்தை எடுக்கலாம் என்பதே என் கருத்து. சுவரில் துளைபோட்டு அறைந்த சட்டங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் செங்கலைக் கரைக்கும். தகடு மாட்டத் தடையாக நீட்டிக்கொண்டிருந்த கொடுங்கையை வெட்டி எறிந்தும் இருப்பார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரேயடியாகப் பிரிக்க வேண்டாம். ஓரத்தில் ஒன்றிரண்டு தகடு கழற்றி உள்ளே பாருங்கள், படம் எடுங்கள்.

கறுப்புக் கண்ணாடியில் நான் அரசி பக்கம். அமெரிக்க உள்துறையின் மறுசீரமைப்பு விதிகளே, காலப்போக்கில் தனக்கென்று வரலாற்று மதிப்புப் பெற்ற மாற்றங்களைக் காக்க வேண்டும் என்கின்றன. ஆதாரமில்லாமல் ஊகத்தில் பழைய பாகத்தைச் செய்து வைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

தெற்குவாசலுக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கண்ணாடி தார் கலந்த பசைக்கட்டிகளில்தான் ஒட்டியிருக்கும். நீராவியாலோ கரைப்பானாலோ பசையை இளக்கி, பின்னால் பியானோ கம்பியை நுழைத்து இரண்டு பேர் மெதுவாக அறுத்தால் உடையாமல் வரும். ஒரு பலகையை மட்டும் அப்படி எடுத்துப் பின்னால் முப்பட்டகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாதாடலாம்.

செங்கலைச் சுத்தம் செய்ய மணல் வீசும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். சூளையில் நன்றாக வெந்த மேல்தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது மென்மையான பகுதிதான், நீரைக் குடித்துப் பொரிந்து உதிரும். இணைப்புகளைப் பூச சிமென்ட் சாந்தும் கூடாது. இந்தக் காலச் செங்கல் மென்மையானது, அதோடு பழகியது சுண்ணாம்புச் சாந்து. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற வேண்டும். கெட்டியான சிமென்ட் அதை அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும். பனிக்காலத்தில் அது உறைந்து செங்கலின் முகத்தையே பெயர்த்துவிடும். சுவர் வெடித்திருக்கிறதே என்று கொத்தனார் இன்னும் கொஞ்சம் சிமென்ட் பூசுவார். இப்படிப் போன சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேல்மாடி:
இரண்டு அலுமினியத் தகடுகள் கழற்றினோம். கொடுங்கை இல்லை, நீங்கள் பயந்தபடியே வெட்டியிருக்கிறார்கள். ஆனால் சன்னலுக்குப் பக்கத்தில் தகரச் சுவர்த்தூண் இருக்கிறது. ஒரு கொடி மேலேறிப் போய், புனல் மாதிரி விரிந்த பூக்கள். துருப்பிடித்திருந்தாலும் இதழ்க்கோடுகூடத் தெரிகிறது.

தெற்குவாசல்:
அது மார்னிங் குளோரி பூ. ஜார்ஜ் மெஸ்கரின் அடையாளமே அதுதான். செயின்ட் லூயிஸ்காரர்கள் என்றால் லில்லிப்பூச் சின்னம் இருந்திருக்கும். கொடுங்கை போனாலும் கவலைப்பட வேண்டாம். அவருடைய பட்டியல் புத்தகங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. தூணின் வடிவத்தை வைத்து அதோடு சேர்ந்து விற்ற கொடுங்கையைத் தேடலாம். ஊர் நூலகத்தில் பழைய தெருப்படம் ஒன்றும் கிடைத்தால் இரண்டையும் ஒத்துப் பார்த்துச் செய்யலாம், அது ஊகம் ஆகாது.

அரசி:
பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடமாக அங்கீகாரம் கிடைத்தால், தகுதியான மறுசீரமைப்புச் செலவில் 20 விழுக்காடு கூட்டரசு வரியில் கழிவாகக் கிடைக்கும். இப்போது அதை ஐந்து ஆண்டுகளாகப் பிரித்துத் தருகிறார்கள். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் கட்டடம் தனியாகவோ ஒரு வரலாற்றுப் பகுதியின் அங்கமாகவோ இருக்க வேண்டும். முகப்பு முழுக்க மூடியிருந்தால் பெரும்பாலும் அங்கமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், தகடு போன பிறகு திரும்பக் கேட்கலாம். உள்ளே இருப்பதையும் பார்ப்பார்கள், ஆகவே தகரக் கூரை, துளைக் கதவு இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

உங்கள் மாநிலத்திலேயே கேல்ஸ்பர்க் இருக்கிறது. வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை, பழைய கடைத்தெருக்களை மீட்கும் மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தை 1977இல் சோதனையாகத் தொடங்கிய மூன்று ஊர்களில் ஒன்று. மற்ற இரண்டு இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒருமுறை அந்தத் தெருவில் உரிமையாளரை நடக்கச் சொல்லுங்கள்.

மேல்மாடி:
அவரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாடியில் அலுமினியத்தை எடுத்துவிடலாம், சன்னலுக்கு அடியில் கறுப்புக் கண்ணாடி அப்படியே இருக்கட்டும் என்கிறார். பெயர்ப்பலகைப் பட்டையில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை, ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் சாரம் கட்ட ஆள் வருகிறது.

செங்கல்சூளை:
சாரத்தை நிறுத்துங்கள். வரிக்கழிவு கேட்பதாக இருந்தால் முதலில் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பமும் இப்போதைய நிலையின் படங்களும் போக வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் போய் நின்றால் அங்கே என்ன இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. இதுவரை கழற்றிய இரண்டு தகடுகளையும் எண் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், திறந்த இடத்தை மழைக்கு முன் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.